மேஸ்திரி ஆன்லைனில் இருக்கிறார்

"நான் ஒண்ணும் ஆசப்பட்டுச் சொல்லலக்கா. சனிக்கிழம போட்டி. நாலு பேருல ஒருத்தர் பாத்ரூம்ல போய் நின்னு தரையப் பாத்துட்டு இருந்தா, மிச்ச மூணு பேர் எத்தன பேரத்தான் சுடுறது?"

"அதுதாம்மா அவரு தொழில். எந்த வீட்டுக்குள்ள போனாலும் முதல்ல தரையத்தான் பாப்பாரு. என்னைப் பாக்க வந்தப்பவே எங்க வீட்டுத் தரையத்தான் பாத்துட்டு இருந்தாரு. அதுவும் சிமெண்ட் தரை."

"அம்மா, சிரிப்பு காட்டாத. அவரு இப்ப கேட்டுட்டு இருப்பாரா?"

"இல்ல, எழுந்து போயிருக்காரு. கிச்சன்ல நின்னு தண்ணி குடிக்கிறாரு, இங்கருந்து தெரியுது."

தண்ணீர் குடித்துவிட்டு, வாயைத் தோள் துண்டில் துடைத்துக்கொண்டே படுக்கையறைக்குத் திரும்பிய டைல்ஸ் மேஸ்திரி வாசலிலேயே நின்றுவிட்டார். கட்டில்மேல் அவர் வைத்துவிட்டுப் போன போனிலிருந்துதான் இந்தப் பேச்செல்லாம் வந்துகொண்டிருந்தது. முதல் குரல் மகளோடு ஒரே கிடங்கில் வேலை செய்யும் பெண்ணுடையது. விளையாட்டில் யாருக்கும் காத்திராமல் முன்னால் ஓடுவாள் என்பதால் அவளுக்குப் புயல் என்று பெயர். இரண்டாவது அவருடைய மனைவி. ஐந்தடி தள்ளிக் கூடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள், ஆனால் காதில் இயர்போன். அவள் பேசுவது சுவர் வழியாக ஒரு தடவையும் போன் வழியாக இன்னொரு தடவையும் வந்து சேரும். மூன்றாவது குரல் மகளுடையது. அது வந்துகொண்டிருந்தது எட்டு மணி நேர பஸ் தூரத்திலிருந்து.

போன் திரையில் ஒரு குளியலறை தெரிந்தது. அதன் நடுவில் தலைக்கவசமும் துப்பாக்கியுமாக மேஸ்திரியின் பொம்மை அசையாமல் நின்றது. தலைக்கு மேல் "மேஸ்திரி" என்று எழுதியிருந்தது. பெயர் வைத்தது மனைவி.

"தரையப் பாக்குறதுகூடப் பரவால்லம்மா," என்றாள் மகள். "ஒரு வார்த்த பேசறாரா? பத்து நாளா நானும் பாக்குறேன். முன்னாடியாவது ஒண்ணு ரெண்டு வார்த்த வரும். அந்தக் கண்ட்ரோலர வாங்கி அனுப்பினேன் பாரு, அன்னியிலிருந்து சுத்தமா நின்னுபோச்சு."

"அவரு எப்பவுமே அப்படித்தானம்மா. என்கிட்டயே நாளைக்கு பத்து வார்த்ததான். அதுல நாலு உப்பு பத்தி."

"மைக் ஆன்லதான் இருக்குக்கா," என்றாள் புயல். "பேருக்குப் பக்கத்துல பச்சையாத் தெரியுது பாருங்க. பேசணும்னு இருந்தா பேசியிருப்பாரு."

"அதான் நானும் சொல்றேன். வீட்டுல பேசல, போன்ல பேசல, சரின்னு விட்டுட்டேன். இங்க வந்து பக்கத்துலயே நின்னுக்கிட்டுப் பேசாம இருக்கிறது எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. எனக்கு இது வேணாம்மா. வேற ஆள் பாத்துக்கலாம். நீயே பக்குவமா சொல்லிடு."

மேஸ்திரி கட்டில் ஓரத்தில் மெல்ல உட்கார்ந்து கண்ட்ரோலரைக் கையில் எடுத்தார். "பேசிட்டுத்தானம்மா இருக்கேன்," என்றார்.

பக்குவமாகச் சொல்வது என்றால் எப்படி என்று மனைவி மகளிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இந்தா, நான் வந்துட்டேன். கேக்குது எனக்கு," என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். புயல் தன் சித்தி மகன் நன்றாகச் சுடுவான், அவனைக் கூப்பிடலாம் என்றாள். பத்து நாட்களாகப் பேசியதை எல்லாம் ஒரு பக்கம் வைத்துவிட்டு, போன செவ்வாய்க்கிழமை பேசியதை மட்டும் நினைத்துக்கொண்டார்.

இதைச் சொல்ல வேண்டுமென்றால் அவருடைய விரலிலிருந்து தொடங்க வேண்டும். இருபத்தாறு வருடமாக டைல்ஸ் ஒட்டுகிற விரல்கள். சிமெண்டும் பசையும் இணைப்புகளில் அடைக்கிற பொடியும் தின்று தின்று, நுனியில் தோல் தேய்ந்து, காய்ந்து, அதன்மேல் மறுபடி காய்ப்புக் காய்த்து, ரேகை என்று ஒன்று இருந்த அடையாளமே இல்லை. பெரிய கட்டட வேலைகளில் வருகைப் பதிவுக்குக் கைரேகை மெஷின் வைத்திருப்பார்கள். அவர் விரலை வைத்தால் அது சிவப்பாக எரியும். காவலாளி அலுத்துப்போய் நோட்டில் எழுதிக்கொள்வார். போன் திரையும் அப்படித்தான். தொட்டால் தொட்டதே அதற்குத் தெரியாது. ஒரு நம்பரை அடிக்க விரல் முட்டியால் குத்த வேண்டும், இல்லையென்றால் நாக்கில் விரலைத் தொட்டு ஈரப்படுத்திக்கொள்ள வேண்டும். "உங்க விரல் செத்துப்போச்சுங்க, அடக்கம்தான் பாக்கி," என்பாள் மனைவி.

அப்படிப்பட்டவர் விளையாட வந்தது ஆள் குறைந்ததால். மகள் வேலைக்குப் போன ஊரில் தனி அறை எடுத்துத் தங்கியபோது, தினமும் சாயங்காலம் மனைவி போன் போட்டு, சாப்பிட்டியா, கதவைப் பூட்டினியா என்று கேட்பாள். மகளுக்கு இரண்டே பதில்கள்தான். ஒருநாள் அவளே சலித்துப்போய், "இதையே கேட்டுட்டு இருக்கிறதுக்கு விளையாட வாம்மா, அப்படியே பேசிக்கலாம்," என்று இந்த விளையாட்டைக் கற்றுக்கொடுத்தாள். நாலு பேர் ஒரு அணி. விமானத்திலிருந்து ஒரு தீவில் குதிக்க வேண்டும். மற்ற அணிகளை எல்லாம் சுட்டுவிட்டுக் கடைசி வரை உயிரோடு இருக்கிற அணி ஜெயிக்கும். மனைவி தையல் வேலை செய்கிறவள். ஊசியில் நூல் கோர்க்கிற கண்ணும் கையும் துப்பாக்கிக்கு இவ்வளவு பொருந்தும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். ஒரு கிலோமீட்டர் தள்ளி மொட்டைமாடியில் நிற்கிறவனைக்கூட, "நில்லுடா தம்பி, நில்லு, ஒரே நிமிஷம்," என்று சொல்லிக்கொண்டே சுட்டுவிடுவாள். நாலாவது ஆளுக்குத் தேர்வு வந்து அவன் விலகிக்கொண்டபோது, "நீங்க சும்மாதான உக்காந்திருக்கீங்க," என்று மேஸ்திரியைச் சேர்த்துவிட்டாள். ஒரே அறையில் இரண்டு போன் இருந்தால் வீ என்று எதிரொலி வருகிறது என்பதால் அவரைப் படுக்கையறைக்கு அனுப்பினாள்.

முதல் வாரம் முழுக்க அவர் பொம்மை குதித்த இடத்திலேயே நின்று செத்தது. விரல் பட்டால்தானே நகரும். எட்டாம் நாள் ஒரு பார்சல் வந்தது. போனின் இரண்டு பக்கமும் கவ்விக்கொள்கிற கண்ட்ரோலர். நடுவில் ஸ்பிரிங். இழுத்து, போனை வைத்து, விட்டால் கப்பென்று பிடித்துக்கொள்ளும். இடது கைக்கு ஒரு குமிழ், வலது கைக்கு ஒரு குமிழ், நிஜமான பொத்தான்கள். அமுக்கினால் அமுங்கும். "அப்பாவுக்கு ஸ்கிரீன் எடுக்காதுல்ல, இத மாட்டிக்கச் சொல்லு," என்று மகள் மனைவிக்கு எழுதியிருந்தாள். அந்த ஒரு வரியை மேஸ்திரி மனைவியின் போனை வாங்கி இரண்டு மூன்று தடவை படித்தார். ஒரு வருடமாக மகளிடமிருந்து அவரைப் பற்றி வந்த முதல் வரி அது.

ஒரு வருடத்துக்கு முன்னால் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். கல்யாணமாகி எட்டு மாதத்தில் மகள் ஒரு பெட்டியோடு வீட்டுக்கு வந்து நின்றாள். புருஷன் அடித்தாரா என்று கேட்டால் இல்லை என்றாள். குடியா, அதுவும் இல்லை. "பேசவே மாட்டேங்கறாருப்பா. பத்து நாள், பதினஞ்சு நாள். நான் என்ன தப்பு பண்ணேன்னுகூடச் சொல்ல மாட்டாரு. அந்த வீட்டுல மூச்சு முட்டுது," என்றாள். மேஸ்திரிக்கு அது ஒரு காரணமாகவே தெரியவில்லை. ஆம்பளைகள் பேசாமல் இருப்பது ஒரு குற்றமா, நான் என்ன பெரிதாகப் பேசிவிட்டேன் என்றுதான் நினைத்தார். மூன்றாம் நாள் காலையில் அவரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "கொஞ்சம் பொறுத்துப் போம்மா," என்று கூட்டிக்கொண்டு போய் அந்த வீட்டு வாசலில் விட்டுவிட்டு வந்தார். அவள் மறுப்பே சொல்லாமல் பின்னால் வந்தாள். அதற்கப்புறம் ஐந்து மாதம் இருந்திருக்கிறாள். பிறகு யாரிடமும் சொல்லாமல் அங்கிருந்தே வேறு ஊருக்குப் போய், வேலையும் தேடி, அறையும் எடுத்த பிறகுதான் அம்மாவுக்குப் போன் செய்தாள். அப்பாவிடம் கொடுக்கவா என்றபோது வேண்டாம் என்று சொன்னாள்.

கண்ட்ரோலர் வந்த பிறகு மேஸ்திரி ஓடினார், குதித்தார், மரத்துக்குப் பின்னால் ஒளிந்தார். சின்னப் பிள்ளை மாதிரி வாயும் திறந்தது. "இந்தப் பக்கம் போகலாம்" என்பார். "மாடியிலருந்து குதிக்காதம்மா" என்பார். ஒரு வீட்டுக்குள் நுழைந்தால், மூலையில் மிஞ்சிய இடத்துக்கு டைல்ஸை வெட்டி வெட்டுத் துண்டு போடாமல் விட்டிருக்கிறார்கள், இந்த விளையாட்டைச் செய்தவனுக்கு டைல்ஸ் தெரியாது என்பார். யாரும் பதில் சொன்னதில்லை. அது அவருக்கு வித்தியாசமாகவும் படவில்லை. வேலை நடக்கிற இடத்தில் மேஸ்திரி சொல்வதற்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள், சொன்னது நடந்தால் போதும். இங்கேயும் அவர் இடப்பக்கம் என்றால் சில சமயம் அவர்கள் இடப்பக்கம் போனார்கள். அதுவே அவருக்குப் போதுமாக இருந்தது.

அப்புறம்தான் செவ்வாய்க்கிழமை. புயலும் மனைவியும் முதலிலேயே செத்துவிட்டார்கள். மனைவி இயர்போனைக் கழற்றிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். புயல் குளிக்கப் போகிறேன் என்றாள். தீவில் அப்பாவும் மகளும் மட்டும். எதிரி எங்கிருக்கிறான் என்று தெரியாமல் ஒரு புதரில் இரண்டு பேரும் குப்புறப் படுத்திருந்தார்கள். மழை பெய்கிற மாதிரி சத்தம். மகளின் பொம்மை அவருக்கு ஒரு கை தூரத்தில் இருந்தது. எதிரில் முகம் இல்லை என்பதாலோ என்னவோ, அவருக்குப் பேச வந்தது. "அன்னிக்கு உன்னக் கொண்டுபோய் விட்டிருக்கக் கூடாதும்மா," என்று தொடங்கினார். பெட்டியை அவள் கையிலிருந்து வாங்கியபோது அவள் ஒரு விநாடி விடாமல் பிடித்திருந்தாள் என்பதையும், அது தனக்குக் கையில் தெரிந்தது என்பதையும், தெரிந்தும் இழுத்தேன் என்பதையும் சொன்னார். பேசாத ஆளோடு இருப்பது எப்படி இருக்கும் என்று இந்த ஒரு வருடத்தில்தான் தனக்குப் புரிந்தது என்றார். சொல்லி முடிக்க மூன்று நிமிடம் ஆகியிருக்கும். வாழ்நாளில் அவ்வளவு நீளமாக அவர் பேசியது கிடையாது. மகள் நடுவில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. கடைசியில், "பாறைக்குப் பின்னால ஒருத்தன் இருக்கான், வாங்க," என்று எழுந்து ஓடினாள்.

வாங்க என்றாளே. மேஸ்திரிக்கு அது போதும். கேட்டுக்கொண்டாள், பெரிதாக எடுத்துப் பேச வேண்டாம் என்று நினைக்கிறாள், தன் மகள்தானே, தன்னைப் போலத்தான் இருப்பாள். மறுநாள் வேலையில் சீட்டியடித்துக்கொண்டே ஒரு முழு வராண்டாவுக்குத் தரை போட்டார். கூட வேலை செய்கிறவர், "என்ன மேஸ்திரி, வீட்டுல விசேஷமா?" என்று கேட்டதற்கு, "சும்மாதான்," என்று சிரித்தார்.

அந்த மூன்று நிமிடமும் எங்கே போனது என்று இப்போது அவருக்கு விளங்கவில்லை. கண்ட்ரோலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திரையில் அவர் பெயருக்குப் பக்கத்தில் மைக்கின் பச்சை எரிந்துகொண்டுதான் இருந்தது. போனில் மற்ற நேரம் பேசினால் நன்றாகக் கேட்கிறதே. மதியம்கூடச் சிமெண்ட் கடைக்காரரோடு பேசினாரே. அப்போது போன் சட்டைப் பையில் இருந்தது, கண்ட்ரோலர் வீட்டில் இருந்தது. அந்த வித்தியாசம் தலையில் ஏறியதும் ஸ்பிரிங்கை இழுத்துப் போனை வெளியே எடுத்தார்.

போனைப் பிடிக்கிற தாடையில், உள்பக்கம், கண்ணாடி மாதிரி ஒரு சிலிக்கான் பட்டை. அவர் வைத்ததுதான். பார்சலைப் பிரித்த அன்று போனை மாட்டியபோது ஒரு நூல் அளவு ஆட்டம் இருந்தது. வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்கக்கூட மாட்டார்கள். மேஸ்திரிக்கு ஆட்டம் ஆகாது. குளியலறை மூலைகளில் தண்ணீர் கசியாமல் இருக்கப் பூசியது போக மிச்சமிருந்த சிலிக்கான் பசைக் குழாயை எடுத்து, இரண்டு தாடையிலும் பட்டை இழுத்து, சோப்புத் தண்ணீரில் விரலை நனைத்து வழித்துச் சமமாக்கினார். ஒட்டிக்கொள்ளாமல் இருக்கப் போனுக்கு மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி மாட்டிவைத்து, ஒரு முழு நாள் காயவிட்டார். காய்ந்த பிறகு போன் அச்சில் வார்த்த மாதிரி உட்கார்ந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது. மனைவியிடம்கூடக் காட்டிப் பெருமைப்பட்டார்.

போனின் அடிப்பக்கத்தைக் கண்ணருகே கொண்டுவந்தார். ஊசிமுனை அளவுக்கு ஒரு ஓட்டை. மைக். அந்தப் பட்டையைப் பார்த்தார். அதன் நடுவில், ஓட்டை இருந்த இடத்தில், ஒரு கடுகளவுக்குப் புடைப்பு இருந்தது. உள்ளே கொஞ்சம் இறங்கவும் செய்திருக்கிறது.

"அடப் பாவி மனுஷா," என்றார் தனக்குத் தானே.

"யாரு அது?" என்றாள் புயல்.

"அப்பா?" என்றாள் மகள்.

மேஸ்திரி போனை இரண்டு கைகளிலும் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தார். கூடத்தில் நாற்காலி நகரும் சத்தம். மனைவி ஒரு காதிலிருந்து இயர்போனைக் கழற்றியபடி வாசலில் வந்து நின்றாள். உடனே வீ என்று எதிரொலி எழுந்தது. "நீங்களா பேசினீங்க?" என்றாள். அவர் கண்ட்ரோலரைத் தூக்கிச் சிலிக்கான் பட்டையைக் காட்டினார். அவள் கிட்டே வந்து பார்த்தாள். தையல்காரியின் கண்ணுக்கு அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"மைக்க பூசி மூடிட்டாரும்மா உங்கப்பா," என்று போனில் சொன்னாள். "பத்து நாளா மனுஷன் சுவத்துக்கிட்ட பேசிட்டு இருந்திருக்காரு."

இதற்குள் தீவில் யாரோ வந்து, ஆளாளுக்கு அசையாமல் நின்ற மூன்று பெண்களையும் வரிசையாகச் சுட்டு, குளியலறைக்குள்ளும் எட்டிப் பார்த்து மேஸ்திரியையும் முடித்துவிட்டுப் போனான். புயலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அங்கிள், நான் பேசினதெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க. தரையப் பத்திச் சொன்னேன் பாருங்க, அது," என்று இழுத்தாள். பரவாயில்லம்மா என்றார் மேஸ்திரி. தன் குரல் போய்ச் சேர்ந்து, அதற்கு ஒரு சிரிப்பு திரும்பி வருவது அவருக்குப் புதிதாக இருந்தது.

மகள் மட்டும் சிரிக்கவில்லை.

"எத்தன நாளா பேசிட்டு இருந்தீங்க?" என்றாள்.

"நீ அனுப்பினதுலருந்து."

மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். என்ன பார்த்தாளோ, அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தன் போனை அணைத்துக்கொண்டு போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை என்பது மேஸ்திரிக்குத் தெரியும். புயலும், "நான் அப்புறம் வரேன்க்கா," என்று கிளம்பினாள்.

ஆட்டம் முடிந்தால் எல்லாரும் வந்து நிற்கிற ஒரு மேடை உண்டு. அங்கே நாலு பொம்மைகள் நின்றன. ஒன்று மறைந்தது. இன்னொன்றும் மறைந்தது. மிச்சம் இரண்டு. அந்த மேடையில் பொம்மைகள் ஒன்றையொன்று பார்க்க முடியாது. எல்லாம் திரையைப் பார்த்துத்தான் நிற்கும், பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி.

"என்னல்லாம் சொன்னீங்க?" என்றாள் மகள்.

"என்ன, சும்மா. அந்த வீட்டு மூலையில வெட்டுத் துண்டு போடலன்னு சொன்னேன். நீ மாடியிலருந்து குதிக்கறப்ப குதிக்காதன்னு சொன்னேன். பின்னால ஆள் வராங்கன்னு ரெண்டு மூணு தடவ சொன்னேன்."

"எனக்குக் கேட்டிருந்தா அன்னிக்கு செத்திருக்க மாட்டேன்."

"ஆமா. கத்தினேன்கூட."

மகள் லேசாகச் சிரித்தாள். சிரித்து முடித்து மூச்சு விட்டது காதுக்குப் பக்கத்தில் கேட்டது.

"அவ்வளவுதானா?" என்றாள்.

மேஸ்திரி வாயைத் திறந்தார். செவ்வாய்க்கிழமை எப்படித் தொடங்கினோம் என்று தேடினார். அன்றைக்கு மழைச் சத்தம் இருந்தது, ஒளிந்துகொள்ள ஒரு புதர் இருந்தது, அவள் கேட்கிறாள் என்ற நம்பிக்கை இருந்தது. இன்றைக்கு அவள் நிஜமாகவே கேட்டுக்கொண்டிருந்தாள். பெட்டி என்ற வார்த்தை வந்தது, ஆனால் அதை முதலில் வைக்க முடியவில்லை. அம்மா என்று மட்டும் மகளைக் கூப்பிட்டார். ம் என்றாள். திரையில் இரண்டு பொம்மைகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, நிற்கிற பொம்மைகளுக்கு என்று வைத்திருக்கிறபடி, மெல்ல மூச்சு வாங்கிக்கொண்டு, ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றன.

சொல்லி முடித்தாயிற்று என்று நினைத்திருந்த ஒன்றை மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டி வந்தவர்கள் இதைப் படிக்கிறவர்களில் சிலராவது இருப்பீர்கள். முதல் வார்த்தையாக எதை வைத்தீர்கள்? கீழே எழுதுங்கள்.